கொழும்பு விளக்கு

கொழும்பில் கடை வைத்திருந்த மைத்துனர், என் மனைவியின் அண்ணன், ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த என் மாமனாருக்கோ மகளை என்னோடு கப்பலேற்ற மனமில்லை. "மாப்பிள்ளைக்குக் கடல் பழக்கம் உண்டுமா?" என்று கேட்டார். ராஜபாளையத்தில் மலையைப் பார்த்தே வளர்ந்த நான், இரண்டு தடவை கொழும்பு போய்வந்ததாகக் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அதை நம்பித்தான் என் மனைவி புறப்பட்டாள். தூத்துக்குடிக் கரையில் படகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நெசமாவே ரெண்டு தடவ போயிருக்கியளா?" பொய் தெரிந்திருந்தால் அங்கிருந்தே அத்தா வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். "ஒங்க அத்தாகிட்டயே சொல்லியிருக்கேன், பொறவு என்ன?" என்றேன்.

கப்பல் கரைக்கு வராது. வெகுதூரம் தள்ளி நிற்கும். படகில் போய் ஏறி, மேல்தளத்தில் பாயை விரித்தோம். காற்று சுகமாக இருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ இரும்பு கடகடத்தது. "கப்பல எடுத்துட்டான். இஞ்சின் சத்தம் கேக்குதா?" என்றேன். அவள் நிம்மதியாகக் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். புகைபோக்கி, கயிறு, கொடி எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னேன். எனக்குத்தான் தலை சுற்றியது. அனுபவஸ்தனுக்கு அது அழகா? எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, வாசனை பிடிக்கும் என்றேன்.

மேற்கே பொழுது விழுந்ததும் அந்தப் பக்கமே பார்த்து மஃரிப் தொழுதோம். கப்பல் மெல்லத் திரும்புவது போலிருந்தது. அதுவரை மூட்டைகள் மறைத்திருந்த பக்கத்தில் வரிசையாக விளக்குகள் தெரிந்தன.

"அந்தா, கொழும்பு!" என்றேன்.

"அம்புட்டு சீக்கிரமாவா? கொழும்பு கெழக்கேன்னியளே. இது நாம பாத்துத் தொழுத பக்கமால்ல இருக்கு?"

"கடல்ல திசை மாறும்."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த கப்பல் ஊழியர் சிரித்துவிட்டார். "அது தூத்துக்குடி வெளக்கு, சாயபு. இன்னும் நங்கூரமே எடுக்கல. பஞ்சுப் பொதி ஏத்துத சங்கிலிச் சத்தம்தான் இம்புட்டு நேரமும் கேட்டது."

அவள் என்னைத் திட்டவில்லை. ஊழியரிடம், "கரைக்குப் போற படகு இருக்கா?" என்று கேட்டாள்.

"கடைசிப் படகு கீழ நிக்கிது, தாயி."

போய்விடுவாள் என்றே நினைத்தேன். ஊர் முழுக்க என் பேர் நாறப்போவதும், மாமனார் முகமும் கண்முன் வந்தன. அதைவிட, அவள் இல்லாத கொழும்பை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் புறப்படாத கப்பலில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்ததிலேயே அவளுடைய பயம் போய்விட்டிருந்தது.

"பயமா இருந்தா நீங்க எறங்கிப் போங்க," என்றாள். "நான் அண்ணன்கிட்டப் போயிக்கிடுதேன்."

கேலியாகச் சொன்னதாகத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்டவளைப் போய் பொய் சொல்லி அழைத்து வந்தேனே என்று வெட்கமாக இருந்தது. கடைசிப் படகு எங்களை ஏற்றாமலே கரைக்குத் திரும்பியது. இரண்டு தடவை போனவன் முதல் தடவையாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தது அவள் தைரியத்தில்தான்.