இறங்காத பயணி

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் நிமிஷக்கா. முப்பத்தெட்டு பேருந்துகளுக்கு யார் ஓட்டுநர், யார் நடத்துநர், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று டியூட்டி சார்ட் எழுதுகிற வேலை அவளுக்கு. வண்டி கொஞ்சம் பிந்தினாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிடுவாள்.

"ஒரு நிமிஷம் லேட்டு. காரணம் எழுதிட்டுப் போங்க."

ஓட்டுநர்கள் வாய்க்குள் திட்டிக்கொண்டே எழுதுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, இனிமேல் பெண்ணாகத்தான் வேலைக்கு வருவேன் என்று அவள் வந்து நின்றபோது டிப்போ இரண்டு நாள் முணுமுணுத்தது. மூன்றாம் நாள், கேட்ட நாளில் லீவு மாற்றிக் கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முணுமுணுப்பு அதோடு சரி.

நாற்பத்தொன்றாவது வயதில்தான், தன் உடம்பும் தன்னைப் போலவே பெண்ணாக வேண்டும் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாள். அதற்குப் பின் ஆறு வாரம் ஓய்வு. கனமாக எதையும் தூக்கக் கூடாது, வெறும் நாற்காலியில் உட்காரக் கூடாது.

"வீட்ல கூட யார் இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்காங்க டாக்டர்" என்றாள். சுத்தப் பொய்! அம்மாவும் அப்பாவும் எப்போதோ போய்விட்டார்கள். இருப்பது ஒரே ஒரு அக்கா. அந்த அக்கா நான்கு வருடங்களுக்கு முன் போனில் கடைசியாகச் சொன்னது இதுதான்: "எனக்கு ஒரு தம்பி இருந்தான். செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்."

அவள் சொன்ன பொய்யை டிப்போ மெய்யாக்கியது. பெண் நடத்துநர் ஒருத்தி இருந்தாள். ஊதல் இல்லாமலே வாயால் விசில் அடிப்பதால் அவளுக்கு விசில் என்றே பெயர். அச்சடித்த டியூட்டி சார்ட் தாள் ஒன்றை உருவி, வண்டி எண் எழுதும் இடத்தில் நிமிஷக்காவின் வீட்டு எண்ணை எழுதினாள். காலை, மதியம், மாலை என்று ஏழு நாளுக்கும் ஆள் போட்டுச் சுவரில் ஒட்டினாள்.

"ஞாயித்துக்கெழம மதியம் மட்டும் காலியா விடு" என்றாள் நிமிஷக்கா.

"ஏன், அன்னைக்கு உனக்குப் பசிக்காதா?"

"அது ரிசர்வ்."

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'ஆபரேஷன் முடிந்தது. ஞாயிறு மதியம் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன்.' பதில் வரவில்லை. அதற்காகக் கட்டத்தை நிரப்பிவிட முடியுமா?

மற்ற கட்டங்களெல்லாம் அமர்க்களமாக ஓடின. சட்டென்று வண்டியை நிறுத்திப் பயணிகளை முன்னால் தள்ளுவதால் பிரேக் என்று பட்டம் வாங்கிய ஓட்டுநர் தினமும் சூப் கொண்டுவந்தான். பாதி பாத்திரத்தில், பாதி சட்டையில். டயர் பிரிவு அண்ணன் ஒரு ஸ்கூட்டர் டியூபில் அளவாகக் காற்றடித்து, மேலே மெத்துத் துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல உக்காரும்மா. தையல்ல பாரம் படாது. மூலத்துக்கு நானே ரெண்டு வருஷமா இதுலதான் உக்கார்றேன். வெளிய சொல்லிடாத."

அதைச் சொன்னபோது பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வீடு வந்த இரண்டாவது வாரம் அழுகை வந்தது. அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, வலியும் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனாலும் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பொலபொலவென்று அழுதாள். அன்றைய காலை டியூட்டி விசிலுக்கு.

"ஏன்க்கா, வலிக்குதா?"

"இல்ல."

"பண்ணியிருக்க வேணாம்னு தோணுதா?"

"சேச்சே. அது ஒருநாளும் இல்ல. ஏன்னே தெரியல."

விசில் மருத்துவமனை நர்ஸுக்குப் போன் போட்டாள். "நெறைய பேருக்கு வரும்மா. ஒடம்பு தன்னை ஆத்திக்கறதுலயே மும்முரமா இருக்கும், மனசு தனியா மாட்டிக்கும். கூடவே இருங்க. நாலு நாள்ல குறையலன்னா கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ்.

விசில் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, அழு. எனக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் வண்டி. அதுவரைக்கும் அழலாம்."

பதினொன்றரைக்கே அழுகை நின்றுவிட்டது. விசில் நேரத்துக்குப் போக வேண்டுமே என்ற கவலை!

ஞாயிறுகள் மட்டும் அப்படியே நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. மதியம் முழுக்க அவள் டியூபின் மேல் உட்கார்ந்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாடிப்படியில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நெஞ்சு எழுந்து எழுந்து உட்காரும்.

நான்காவது சனிக்கிழமை, அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த விசில் ஒரு புகைப்படத்தைக் கையில் எடுத்தாள்.

"இது யாருக்கா?"

"எங்க அக்கா."

விசில் துணியைக் கீழே போட்டாள். "அய்யோ, இவங்களா! மூணு ஞாயித்துக்கெழமையா நம்ம பதினொன்னாம் நம்பர்லதான் வராங்க. இதோ, உன் தெருமுனை வரைக்கும் டிக்கெட் எடுப்பாங்க. அதுதான் கடைசி ஸ்டாப், ஆனா எறங்க மாட்டாங்க. ஜன்னல் வழியா இந்தத் தெருவையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. திரும்பிப் போக இன்னொரு டிக்கெட். மடியில ஒரு பை. யாரோ பாவம், வழி தெரியாதவங்கன்னு நெனச்சேன்."

நிமிஷக்கா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி ஸ்டாப்ல அந்த வண்டிக்கு எட்டு நிமிஷம் நிறுத்தம்" என்றாள்.

மறுநாள் மதியம், டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பத்து நிமிடம் நடக்க டாக்டர் அனுமதித்திருந்தார். தெருமுனையில் பதினொன்றாம் நம்பர் காலியாக நின்றது. விசில் படியில் நின்றுகொண்டு, ஒன்றும் அறியாதவள் போல வானத்தைப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்த பிரேக், கண்ணாடியில் மட்டும் பார்த்தான்.

மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் அக்கா. எவ்வளவு நரைத்துவிட்டது!

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

அக்கா திரும்பினாள். நிமிஷக்கா இருக்கையில் டியூபை வைத்து, அதன்மேல் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். அக்காவின் கண் முதலில் அதன்மேல்தான் போனது.

"என்ன கண்றாவி இது?"

"ஸ்கூட்டர் டியூப்."

"பஸ் டிப்போல வேலை பார்த்துட்டு ஸ்கூட்டர் டியூபா? ஒரு பஸ் டியூப் கொடுக்க மாட்டானா?"

"சிரிக்க வைக்காதக்கா. தையல் இழுக்குது."

அக்காவின் முகம் அப்படியே உடைந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் படுத்திருந்தபோது, தாயில்லாத வீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்கு நடத்திப்போனது நிமிஷக்காவின் இந்தக் கைதான். வேடிக்கை பேசிச் சிரிக்க வைத்ததும் இந்த வாய்தான். 'சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்குது' என்று அன்று கெஞ்சியவள் அக்கா.

"மூணு வாரமா வந்தியே, ஏன் எறங்கல?"

"எப்படி எறங்குவேன்? அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை எனக்கு முன்னாடியே போய் உன் வாசல்ல நிக்குது. அதைத் தாண்டி எப்படி வர்றது?"

"அதுக்குத்தான் வாசலை விட்டுட்டு நானே வந்துட்டேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். படியில் நின்ற விசிலும் வானத்தைப் பார்த்தபடியே அழுதாள். பிறகு அக்கா பையைத் திறந்தாள். இரண்டு நைட்டிகள். பருத்தித் துணி, தளர்வான இடுப்பு, கழுத்தைச் சுற்றி நீல நூலில் சின்னச் சின்னப் பூ வேலை.

"நானே தெச்சேன். உன் அளவு தெரியல. குத்துமதிப்புதான்."

நிமிஷக்கா அந்தப் பூக்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

முன்னாலிருந்து பிரேக் தொண்டையைச் செருமினான். "அக்கா, நாலு நிமிஷம் லேட்டு. காரணம் என்ன எழுதறது?"

அவள் மணியைப் பார்த்தாள். ஆமாம், நான்கு நிமிடம்.

"பயணி இறங்கத் தாமதம்னு எழுது."

அக்கா எழுந்தாள். பையை ஒரு தோளிலும் டியூபை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு முதலில் இறங்கி, கையை நீட்டினாள். விசில் வாயில் விரல் வைத்து இரண்டு அடித்தாள். வண்டி நகர்ந்தது.

நிமிஷக்கா வழக்கம்போல நடையை எட்டிப் போட்டாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா நடடி. எங்க ஓடுற?"

"லேட்டாகுதுக்கா."

"ஆகட்டும்" என்றாள் அக்கா.