மூன்று எட்டு

மரத்தோட்டத்தில் அவருக்கு எட்டுக்காரர் என்றுதான் பெயர். கன்றுக்குக் கன்று எட்டடி விடவேண்டும். மற்றவர்கள் கயிறு தேடுவார்கள். இவர் மூன்று எட்டு வைத்து, குதிகாலால் மண்ணில் அடையாளம் போடுவார். அளந்தால் எட்டடி அச்சாக இருக்கும். "கயிறு நனைஞ்சா சுருங்கும். என் காலு சுருங்குமா?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிடுவார்.

சுருங்கித்தான் போனது. ஒருமுறை வழுக்கி விழுந்ததில் முழங்கால் பிசகியது. சொன்னால் மானக்கேடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடைக்கரை நிலம் முழுவதையும் அந்தக் காலாலேயே அளந்து நடவைத்தார்.

சில வருடங்களில் அங்கே கன்றுகள் வெளிச்சத்துக்கு முண்டியடித்து உயர்ந்தன. தண்டு பருக்கவில்லை, அடிக்கிளைகள் காய்ந்தன, காற்றடித்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. மேனேஜர் காரணம் கேட்டார். எட்டுக்காரருக்கு முழங்கால் நினைவு வராமல் இல்லை. ஆனாலும், "கன்னே சொத்தை சார்" என்று சொல்லிவிட்டார்.

நாற்றங்காலில் அந்தக் கன்றுகளை வளர்த்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. கையில் ஈரமண்ணோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அப்போ நாற்றங்காலுக்கு வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்" என்றார் மேனேஜர்.

"மேட்டு நிலத்துல நிக்கறதும் நான் வளர்த்த கன்னுதான் சார். எப்படி பருத்திருக்கு பாருங்க" என்றாள் தங்கை. "இங்க இடம் பத்தலையோ என்னவோ. அளந்து பாருங்களேன்."

நாடாவைப் பிடித்தார்கள். ஐந்தடி, ஐந்தரை. எட்டடி ஓரிடத்திலும் இல்லை.

"எங்கே, மூணு எட்டு வைங்க பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் எட்டுக்காரர் நடந்தார். பழைய பிசகில் கால் இன்னும் விந்தியது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தங்கைதான் முந்திக்கொண்டாள். "ஓடைக்கரை சார், அன்னைக்குச் சேறா இருந்திருக்கும். சேத்துல யாருக்கும் எட்டு குறையத்தானே செய்யும்?"

நட்ட அன்று தரை நன்றாகக் காய்ந்திருந்தது. குழி பறிக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தது அவளுக்கும் தெரியும்.

"ஆமா சார், ஒரே சேறு" என்றார் அவர். சொன்ன மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டச் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். தங்கை அரிவாளோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், எப்போதும்போல மரியாதையாகக் கேட்டாள்:

"எதை வெட்டறது, எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."