சமையற்காரன் செத்த வரி

அப்புத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஜுனைதீன் நானாவின் புடவைக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் அறை. அங்கே கூரை தொட அடுக்கிய துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் நிரஞ்சலா கடற்போர் நடத்தினாள்.

பூனாகலைத் தோட்டத்தில் பிறந்தவள். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் மைக் பிடித்துப் பழகிய குரல். அதைக் கேட்டுப் பிடித்துப்போன கொழும்பு ஒலிநூல் நிறுவனமொன்று, பெரிய நாவல் ஒன்றைப் படித்துத் தரும் வேலையை அவளிடம் கொடுத்தது. டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்துக் கதை. பாய்மரக் கப்பல், பீரங்கி, அம்பலவன் என்றொரு வீரத் தலைவன். துணிகள் வெளிச்சத்தத்தை விழுங்கிவிடும். ரயில் ஊதினால் மட்டும் பதிவை நிறுத்துவாள். "பாயை இறக்குங்கடா! பீரங்கியைத் திருப்பு!" என்று உள்ளே அவள் முழங்க, சேலை பார்க்க வந்தவர்கள் திடுக்கிடுவார்கள்.

"பயப்படாதீங்க, எங்கட தங்கச்சி கப்பல் ஓட்டுது" என்பார் ஜுனைதீன் நானா.

அவள் கணவன் தினேஸ் நிஜமாகவே கப்பலில் இருந்தான். சரக்குக் கப்பலில் சமையற்காரன். செங்கடலில் கப்பல்கள் மீது ஏவுகணை விழுந்துகொண்டிருந்த காலம் அது. "அந்தப் பக்கமாத்தான் போறோம் போல" என்று ஒருநாள் போனில் சொன்னான். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. கப்பல்கள் போகுமிடத்தைக் காட்டும் செயலியில் அவன் கப்பலின் புள்ளியும் மறைந்துபோனது. அவனைக் கப்பலில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டைக் கேட்டால், "தகவல் வந்தா சொல்றோம் மேடம்" என்று மட்டும் சொன்னார்கள்.

சரியாக அந்த வாரம்தான் நாவலில் பெருஞ்சண்டை வந்தது. நிரஞ்சலா மூச்சுப் பிடித்துப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டது. 'முதல் குண்டு அடுக்களையில் விழுந்தது. சமையற்காரன் பெரியான் மாண்டான்.' அவ்வளவுதான். அடுத்த மூன்று பக்கமும் அம்பலவனின் தோளில் பட்ட காயத்தைப் பற்றி.

அந்த ஒரு வரியைத் தாண்டிப் படித்து, பதிவைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாள்.

பதிவுகளைச் சரிபார்க்கும் ஷம்ரா மறுநாளே அழைத்தாள். "நிரஞ்சலா, ஒரு வரி விடுபட்டிருக்கு. சமையற்காரன் சாகுற இடம்."

"அது இல்லாட்டி கதைக்கு என்னங்க குறை?"

"எழுத்தாளர் எழுதினதை நாங்க வெட்ட ஏலாதே. ஒரு நிமிஷ வேலை, பேசி அனுப்பிடுங்க."

"என் வீட்டுக்காரர் கப்பல்ல சமைக்கிறவர். ஒரு வாரத்துக்கு மேலா பேச்சே இல்ல."

ஷம்ரா உடனே, "சரி, அதை விட்டுட்டு மற்ற அத்தியாயங்களைப் பாருங்க. வெளியிடுறதைத் தள்ளிப் போட ஏலுமான்னு கேட்கிறன்" என்றாள்.

ஆனால் மற்ற அத்தியாயங்களும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது. எழும்பினால் போனைப் பார்க்கத் தோன்றியது. அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு ஸ்டேஷன் வரை நடந்து, ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். சோறு கரிந்திருந்தது. தேயிலை மலைப் பக்கம் ஏறினாள். வானம் வெளித்தால் தெற்கே கடல் தெரியும் என்பார்கள். அவள் போன நாளெல்லாம் மூடுபனி. பஸ்ஸில் பண்டாரவளை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினாள். அந்த நாவலாசிரியர் மீது அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. தலைவனுக்கு மூன்று பக்கம் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, சமைத்துப் போட்டவனுக்காக இன்னொரு வரி எழுதக் கை வரவில்லையா?

கடையில் கூட்டம் நிறைந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"நிரு, நான்தான்."

அவள் சேலைக் குவியல் மீதே உட்கார்ந்தாள். "எங்கங்க இருந்தீங்க?"

"ஆப்பிரிக்காவைச் சுத்திப் போறோம். ஆபத்துன்னு கடைசி நேரத்துல திருப்பிட்டாங்க. இடம் காட்டுற கருவியையும் நெட்டையும் கம்பெனி நிறுத்தி வச்சிருந்துச்சு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அழுகையும் ஆத்திரமுமாக அவள் பெரியான் கதையைச் சொன்னாள். தினேஸ் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான்: "அதைப் படிச்சுடு நிரு. நீ விட்டுட்டா அப்படி ஒருத்தன் கப்பல்ல இருந்ததே யாருக்கும் தெரியாதே."

அன்றைக்கே படித்தாள். வேகமான சண்டைக்கு நடுவே அந்த ஒரு வரி மட்டும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. "வேகம் குறையுது" என்று சொல்லிவிட்டு, ஷம்ரா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஒப்பந்தம் முடிந்து தினேஸ் வந்து சேர்ந்தான். "இனிப் போகாதீங்க" என்று நிரஞ்சலா ஒரே தடவைதான் சொன்னாள். அவன் பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையலுக்குச் சேர்ந்தான். ஆனால் தரையில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு நாளில் வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடப்பான். பழைய கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று செயலியில் தேடுவான். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி போக ஆசையா என்று கேட்கமாட்டாள். கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்ற பயம்.