வண்டிக்கு அடியில் யாரோ

டிரைவர் முதல்முறை வந்தபோது படுக்கையில் ஏற மறுத்துவிட்டார். தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். "யாரோ படுத்திருக்காங்க சிஸ்டர், வண்டிய எடுத்துடாதீங்க" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். அது அவசரப் பிரிவு. எடுப்பதற்கு அங்கே வண்டி எதுவும் இல்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் செவிலியராக இருக்கிறேன். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவர் வண்டியில் யாரும் அடிபட்டதே இல்லை. ஆனாலும் சக்கரத்துக்கு அடியில் ஆள் கிடப்பதாக அவருக்கு ஒரு குரல் கேட்கும். கேட்டுவிட்டால் நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். பின்னால் வருகிறவர்கள் கத்துவார்கள். சிலர் அடித்தும் இருக்கிறார்கள். தகவல் போனதும் அவர் மனைவி முந்திரித் தோப்பு வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, எங்களிடம் கூட்டிவருவார்.

ஊசி போடுவோம். தூங்குவார். தெளிந்து எழுந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். சில நாளைக்கு மாத்திரை கொடுத்து, மனநல மருத்துவர் வரும் கிழமையில் வரச் சொல்லி அனுப்புவோம். அந்தக் கிழமையில் அவர் லோடு ஏற்றிக்கொண்டு எங்காவது போய்க்கொண்டிருப்பார். ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் எங்கள் கட்டில்களுக்கு அடியில் தவழ்வார். பணியிலிருக்கும் மருத்துவர் மாறியிருப்பார். பழைய சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி மட்டும் மாறாது. "மறுபடியும் மாத்திரைய நிறுத்திட்டாரா? கூட இருந்து நீ என்னம்மா பண்ற?"

எப்போதும் தலைகுனிந்து நிற்கும் அந்த அம்மா ஒருநாள் வெடித்துவிட்டார்.

"மாத்திரை போட்டா கண்ணு சொருகுது சார். கண்ணு சொருகுனா ஸ்டியரிங்க எப்புடிப் புடிப்பாரு? வண்டி ஓட்டலன்னா வூட்ல அடுப்பு எரியாது. நிறுத்துனா இப்புடி ஆயிடுறாரு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

மருத்துவர் அதே மாத்திரையைத்தான் எழுதினார். மாற்றுவது மனநல மருத்துவரின் வேலை என்றார். அவரிடம் நானே போய்ச் சொன்னேன். தூக்கம் குறைவாக வரும் மருந்து இருக்கிறது, ஆனால் ஆளைப் பார்க்காமல் எப்படி மாற்றுவது, வரச் சொல்லுங்கள் என்றார். ஒருநாள் லீவு போட்டால் அந்த லாரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் சொன்னது நியாயம்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன்பின் டிரைவர் வருவது நின்றுபோனது. மாதங்கள் ஓடின. "உங்க டிரைவர் குணமாயிட்டார் போல" என்று சக செவிலியர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். யாரிடமாவது ஒரு நல்ல வார்த்தை கேட்டு மருந்தை மாற்றிக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். இன்னும் மெலிந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அண்ணன் நல்லா இருக்காராக்கா? இப்பல்லாம் வர்றதே இல்லையே" என்று கேட்டேன்.

"அப்புடியேதான் இருக்காரு சிஸ்டர். இப்ப பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அவ்வளவு தூரமா? ஏன்க்கா?"

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்க எங்கள இன்னும் அடையாளம் தெரியாதுங்க. அதனால திட்டுறதில்ல."