பெயர் வைக்காத சேர்வர்

எங்கள் மாமியின் வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நின்று சலாம் சொன்னால் மட்டும் போதாது. உள்ளேயிருந்து "ஆரு?" என்று கேள்வி வரும். "நான்தான்" என்று பதில் சொன்னால் வந்தது வம்பு.

"நான் எண்டா ஆரு? உலகத்தில எல்லாரும் நான்தான். பேரச் சொல்லுங்க."

இஸ்லாமிய மார்க்கத்தில் சொல்லப்பட்ட ஒழுங்குதான் அது. ஊரில் பலர் மறந்துவிட்டார்கள், மாமி மறக்கவில்லை. அந்த வீட்டில் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் மாமா. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் "நான்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "பேரச் சொன்னா வாயில இரிக்கிற முத்து கொட்டிருமோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமி கதவைத் திறப்பார்.

மாமா என் உம்மாவின் தம்பி. கடற்கரை வீதிக்குப் பக்கத்தில் பைபர் தோணி செய்யும் பட்டறை, ஊர்ப் பேச்சில் யாட், வைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் மீனவர்களுக்குத் தோணி கொடுத்த காலத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. யுத்தம் முடிந்து அடுத்த வருடம், வடக்கில் மீன்பிடிக்கக் கடல் திறந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்ட நேரத்தில், அங்கிருந்து வந்த தோணி ஓடர்கள் வேறு பெரிய யாட்களுக்குப் போயின. மாமா ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய், தன் பாஸ்போட்டை ஏஜென்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கட்டாரில் டிரைவர் வேலை. முழங்கால் வலியோடு, தலை நரைத்த வயதில். மாமி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதைத் தடுக்கக்கூடிய ஒன்றே ஒன்று இருந்தது. மாலைதீவில் விடுதி ஒன்றில் சமையல் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், அங்கே ஒரு கம்பனி சிறு தோணிகள் வாங்க விலை கேட்கிறது என்று அறிவித்தார். நிபந்தனைகள்: விலையை ஈமெயிலில் அனுப்ப வேண்டும்; இலவச முகவரிகள் செல்லாது, யாட்டின் சொந்தப் பெயரில் முகவரி வேண்டும்; வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் அப்போதுதான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்து வீட்டில் இருந்தேன். எந்த வேலையையும் பட்டியலாகப் பிரித்தால்தான் எனக்கு மூச்சு வரும். இதற்கும் பிரித்தேன். யாட்டின் பெயரில் ஒரு டொமைன், இணையத்தில் அதற்கென்று ஒரு விலாசம். தபால் சேர்வராக்க, யாட் ஒபீசில் கிடந்த பழைய கம்பியூட்டர். டெலிபோன் கம்பனியிடமிருந்து மாறாத ஓர் இலக்க முகவரி. தபால்காரன் வேலை செய்யும் மென்பொருள். நான்கும் கிடைத்தன. பலகைத் தடுப்புக்கு அப்பால் ரெசின் மணக்க, பைபர் தூள் கையை அரிக்க, மூன்றாவதையும் நான்காவதையும் இணைத்துக்கொண்டிருந்தபோது, மென்பொருள் கேட்டது: இந்த இயந்திரத்தின் பெயர் என்ன?

"மாமா, சேர்வருக்கு ஒரு பேர் சொல்லுங்க."

"இப்ப என்னத்துக்குப் பேர்? முதல் ஓடட்டும். மறுகா வைப்பம்."

நான் வற்புறுத்தவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சுனாமிக்கு முன் மாமா தோணி முடிந்தவுடனே பெயர் எழுதிவிடுவார். சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை, கடலில் இறக்கத் தயாராக நின்ற தோணியில் நீலப் பெயின்டில் அவருடைய இளைய மகளின் பெயர் இருந்தது. தோணி பிரதான வீதிக்கு அப்பால் ஒரு மதிலில் சாய்ந்தபடி கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை. அதன் பிறகு, தண்ணீர் தொடாத தோணிக்கு மாமா பெயர் எழுதியதே இல்லை. வாங்க வந்தவர்கள் முதலில் கடலில் இறக்கி, அலையில் ஒரு சுற்றுப் போய், திரும்ப மணலில் இழுத்துப் போட்ட பிறகுதான் தூரிகையை எடுப்பார். ஏன் என்று ஊரில் எவரும் கேட்பதில்லை.

ஆகவே பெயர்க் கட்டத்தை இருந்தபடியே விட்டேன். பெயர் கொடுக்காத எந்த இயந்திரமும் தன்னை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அழைத்துக்கொள்ளும். இங்கே இருக்கும் இந்த இயந்திரம் என்பதுதான் அதன் பொருள்.

புதன்கிழமை காலை மாலைதீவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பிப் பார்த்தேன். நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது.

"முத்திர ஒட்டல்லியா?" என்றார் மாமா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார், ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை.

மென்பொருளை நிறுத்திவைத்து, அது பேச வேண்டியதை நானே கையால் தட்டி அனுப்பிப் பார்க்க உட்கார்ந்தேன். வகுப்பில் படித்திருந்தேன், கண்ணால் கண்டதில்லை. கறுப்புத் திரையில் மாலைதீவு சேர்வரின் முகவரியைத் தட்டினேன். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வரி வந்து நின்றது. நான் இன்னார், தபாலுக்குத் தயார் என்றது அது. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால், எவரும் பார்க்காத இடத்தில், இரண்டு இயந்திரங்கள் இப்படி முகமன் சொல்லிக்கொள்கின்றன. வந்தவர் சலாம் போல ஒரு ஹலோ சொல்லி, தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஹலோவில்கூட ஆங்கிலத்தில் ஓர் 'எல்' குறைவு. பிறகு யாரிடமிருந்து, யாருக்கு. அதற்குப் பிறகுதான் கடிதம். உலகத்துக் கடிதங்கள் எல்லாம் இத்தனை மரியாதையோடுதான் வீடு மாறுகின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. என் முறைக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டினேன்; அது பெயரல்ல என்று சொல்லி அந்தப் பக்கம் கதவைச் சாத்தியது.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா கதைக்கிது?"

"நம்மட மெசின் வாசல்ல நிண்டு சலாம் சொல்லிது மாமி. பேர் சொல்லாட்டி அங்க எடுக்கிறாங்க இல்ல."

"இது என்ன சொல்லிது?"

"நான்தான் எண்டு சொல்லிது."

மாமி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி தட்டில் சிந்தியது. "மாமாட மெசின் வேற எப்பிடிச் சொல்லும்!"

தடுப்புக்கு அப்பால் சிராய்க்கும் சத்தம் நின்றது. மாமா வந்து வாசலில் நின்றார். நான் விளங்கப்படுத்தினேன். பெயர் வேண்டும். அந்தப் பெயரை டெலிபோன் கம்பனியும் எங்கள் இலக்கத்துக்கு நேரே எழுதிவைக்க வேண்டும். நாங்கள் பெயரைச் சொன்னால், மாலைதீவுச் சேர்வர் இலக்கத்தைக் கொண்டு திருப்பி விசாரிக்கும். செக்பொயின்டில் ஐடென்டிகாட்டைப் பார்த்துவிட்டு வீட்டுப் பதிவையும் பார்ப்பது போல.

"தண்ணியில இறக்காம பேர் வெக்க ஏலாதே, புள்ள."

மாமிதான் மெதுவாகச் சொன்னார். "இது பேர் வெச்சாத்தான் தண்ணியில இறங்குமாம்."

மாமா வெளியே போனார். கடல் தெரியும் பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது கதிரையில் உட்காரவில்லை.

"அவள்ட பேர வை."

மாமி தட்டைக் கீழே வைத்தார். நான் ஆங்கில எழுத்துகளில் தட்டத் தொடங்கினேன்.

"கடைசியில ஏச் போடு," என்றார் மாமா. "ஏச் இல்லாட்டி அவளுக்குக் கோவம் வரும். ஸ்கூல் கொப்பியிலெல்லாம் அப்பிடித்தான் எழுதுவா."

ஏச் போட்டேன்.

டெலிபோன் கம்பனியில் பேசிய பெண்ணுக்கும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன், கடைசி எழுத்தை இரண்டு தரம். வியாழக்கிழமை நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் பெயர் ஏறிவிட்டது. மறுபடி கையால்தான் தட்டினேன். மென்பொருளிடம் விட எனக்கு மனம் வரவில்லை. முகமன் சொல்லி, பெயரைச் சொன்னேன்.

மாலைதீவிலிருந்து ஒரு வரி வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: ஹலோ, பிறகு அவள் பெயர், கடைசி ஏச் எழுத்தோடு. பிறகு, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி.

அந்த மென்பொருளை எழுதிய எவரோ ஒருவர் அந்த வசனத்தை விளையாட்டாகப் போட்டிருக்கிறார், அது வருகிற எல்லா இயந்திரத்துக்கும் அதையே சொல்லும் என்று பிறகு அறிந்துகொண்டேன். அறிந்த பிறகும் அந்த வரி எனக்குச் சிறிதாகவில்லை. சத்தமாக வாசித்தேன்.

"திரும்ப வாசி," என்றார் மாமா.

வாசித்தேன்.

"ஆரு சொன்ன?"

"மாலைதீவுல இரிக்கிற மெசின், மாமா."

"அவளுக்கா?"

"ஓம். அவள்ட பேருக்கு."

மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா திரையைத் தொடப் போய், கையில் ரெசின் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு விலைப் பட்டியலை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் மூன்று பேரும் தொழப் போனோம்.

ஓடர் நாங்கள் நினைத்ததைவிடச் சிறிது. ஆனால் வந்தது. அது உறுதியான அன்று இரவே மாமா கொழும்பு பஸ் ஏறினார். மறுநாள் மாலை நான் மாமியோடு குசினி அடுப்படியில் இருந்தபோது முன்கதவில் சலாம் கேட்டது.

"ஆரு?" என்றார் மாமி, வழக்கம் போல.

"நான்தான்," என்றது வெளிக்குரல். கொஞ்சம் நிறுத்தி, "பாஸ்போட்டோட," என்றது.

மாமி பெயர் கேட்கவில்லை. ஓடிப் போய்க் கதவைத் திறந்தார்.