மாதையன் சாரின் நடக்காத வைவா

சுமதியின் போன் வந்தபோது நான் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். சுமதி, மாதையன் சாரின் மனைவி. சார் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறி வருகிறார், இரண்டொரு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்கள். வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். "அவரு போயிட்டாருங்க மேடம்" என்றார். "வீட்டுக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம்.

நம் கல்லூரியின் மின்னணுவியல் துறையில் அவரும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வருவார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ஊர்ப் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லெல்லாம் பழுப்புக் கறை. அதனால்தான் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு மலிவான கருவி செய்வதைத் தன் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்டார். பகுதிநேர ஆராய்ச்சி. அதாவது பகலெல்லாம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, சேர்க்கைக்காக ஊர் ஊராகப் பிள்ளை பிடித்துவிட்டு, உயிர் மிச்சமிருந்தால் செய்வது.

தண்ணீரில் வைக்கும் முனையிலிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிதானது. சுவருக்குள் ஓடும் கரண்டுக் கம்பிகளின் இரைச்சல் அதில் புகுந்து அளவைக் கெடுத்துவிடும். அந்த இரைச்சலை வடிகட்டுகிற சர்க்யூட்தான் அவருடைய கண்டுபிடிப்பு. ஆனால் லேப் காலியாகக் கிடைத்தால்தானே சோதிக்க? எப்போதும் ஏதாவது ஒரு வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு போனால் மட்டும் பிள்ளைகளை வகுப்பறைக்கு அனுப்பிவிடுவார்கள். உடனே மாதையன் சார் டீயைக் கூடப் பாதியில் வைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவார். 'பவர்கட் சார்' என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். முடிவுகள் பிரமாதமாக வந்தன. ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையும் வெளியாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அந்த ஒரு கட்டுரைதான் தேவையாக இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் என்னிடம் காட்டுவதற்காக எல்லாவற்றையும் இயக்கினார். திரையில் நேராக ஓட வேண்டிய கோடு கிடுகிடுவென்று ஆடியது. ஃபேனை நிறுத்தினார், ஆடியது. வயரை மாற்றினார், ஆடியது. பிறகு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: எடுத்த அளவுகள் எல்லாமே கரண்டு இல்லாதபோது எடுத்தவை. இரைச்சலை நீக்கியது அவருடைய சர்க்யூட் அல்ல, மின்வெட்டு. "கரண்டு போனாத்தான் ஜனங்க தண்ணி குடிப்பாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு வாயை மறைக்கவில்லை.

சேலத்திலிருந்த அவருடைய வழிகாட்டி கெட்டவர் இல்லை. கட்டுரை அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆய்வேட்டில் மட்டும் புதிய அளவுகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். நானும் அதையேதான் சொன்னேன், சற்றுக் கோபமாகவே சொன்னேன். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள், இனிமேல் பிஎச்.டி. இல்லாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது, இதில் உமக்கு அரிச்சந்திரன் வேஷம் எதற்கு என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. "நல்ல ரிசல்ட் வந்தா இனிமே எனக்குப் பயமா இருக்குதுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலையை நீங்களும் பார்த்தீர்கள். எங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் துறைத்தலைவர் ஆனார். சார் பழைய மேசையிலேயே இருந்தார். சர்க்யூட்டை முதலிலிருந்து மாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனி அனுமதி வாங்கி, லேபில் எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டு அளந்தார். வருடங்கள் போயின. முடிவுகள் முன்போலப் பிரமாதமாக இல்லை, சுமாராக இருந்தன. ஆனால் உண்மையாக இருந்தன. புதிய கட்டுரை வெளியாகி, ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். தேர்வாளர்களின் அறிக்கை வந்துவிட்டது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுதான் பாக்கி என்ற நிலையில் வயிற்றுவலி என்று படுத்தார். கணையத்தில் கோளாறு என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது பாதி ஆளாக இருந்தார். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு எப்படி என்று கேட்டேன். "வைவாவ ஆன்லைன்ல வைப்பாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா மேடம்? படுத்துக்கிட்டே பேசிடுவேன்" என்றார். கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள் பல்கலைக்கழகத்தில். பார்க்கிற வரைக்கும் அவர் இல்லை. யாரைத் திட்டுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

காரியத்தன்று அவர் ஊருக்குப் போனேன். பழைய மாணவர்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'முனைவர் மாதையன்' என்று பெரிய எழுத்து. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது கிடைக்காததைப் பிள்ளைகளாவது கொடுத்தார்களே என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுமதி வெளியே வந்தார். அந்த மாணவர்களைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், அந்த ஒரு வார்த்தையை மறைத்துவிடச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"வைவா முடியலீங்களே மேடம். முடியாம போட்டா அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகக் கழித்தவர் சுமதி! தையல் மிஷினை மிதித்து வீட்டை நகர்த்தியவரும் அவர்தான். மாணவர்கள் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டினார்கள். நான் கிளம்பும்போது சுமதி பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் கேட்டார்.

"வைவா வெச்சிருந்தா அவரு பாஸ் பண்ணிருப்பாருங்களா மேடம்?"

"பண்ணியிருப்பாரு சுமதி. நிச்சயமா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது போதுங்க. எழுத வேணாம்."

இரங்கல் கூட்டத்துக்கு அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒன்றும் போட வேண்டாம் என்றேன். எனக்கு அவர் மாதையன் சார். அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.