இரண்டு தட்டு, ஒரு தட்டு

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட எனக்கு, நாமக்கல் பிசியோதெரபி அறையில் ஒரு நண்பர். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பழனிசாமி அய்யா. வயது எழுபது, ஓய்வுபெற்ற லாரி டிரைவர்.

முதல் நாள் வாக்கரைப் பிடித்தவர் நகரவே இல்லை. பயம்.

"பின்னாடி கிளீனர் தட்டாம வண்டிய எப்படீங்க எடுக்கறது?" என்று சமாளித்தார்.

நான் பெஞ்சில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்றேன். கிளம்பிவிட்டார். ஒரு தட்டு தட்டினால் நிற்பார். தினமும் இதே கதைதான்.

இன்று ஊன்றுகோல் இல்லாமல் நான் நடக்க வேண்டும். சுவரை விடாமல் பிடித்து நின்றேன்.

பின்னால் பெஞ்சில் டப், டப்.

"போலாம் ரைட்! பின்னாடி நானிருக்கறனில்ல சாமி!"

நடந்தேன். வாசல் தாண்டி டீக்கடைவரை வந்துவிட்டேன்.

நிறுத்தத் தட்ட மறந்துவிட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வந்து ஒரு தட்டு தட்டுங்களேன்.